வெள்ளியங்கிரிக்கு ரோப் கார் வேண்டாம்

2025 ஏப்ரலில் காளிகாட்டில் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டபின் நம் சங்கத்து அன்பர்கள் சிலர், "இதுபோல் கோவை வெள்ளியங்கிரிக்கும் ரோப் கார் போட்டால் என்ன? ரயில்வே இஞ்சினியர் நீங்கள், எழுதுங்களேன்" என்கிறார்கள். எழுதுகிறேன், ஆனால் வேண்டாம் என்று.

காளிகாட் நகரத்துக் கோயில். குறுகிய தெருவில் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே நெரிபட்ட பக்தர்களை மேலே நடக்க வைத்தார்கள்; நல்ல காரியம். தென் கயிலாயம் எனப்படும் வெள்ளியங்கிரி அப்படியல்ல. பூண்டி அடிவாரத்திலிருந்து வழுக்குப் பாறை, சீதை வனம், ஆண்டி சுனை எல்லாம் கடந்து ஏழாவது மலைக்குப் போனால், குகைக்குள் சுயம்பு லிங்கம். வழியெல்லாம் யானைகள் நடமாடும் காடு. நொய்யல் ஆறு பிறப்பதும் இம்மலைகளில்தான். ரோப் காருக்குத் தூண் நட வேண்டும், அதற்கு மரம் வெட்ட வேண்டும், மின்சாரம் கொண்டுபோக வேண்டும். மேலே ஒரு நிலையம் வந்தால் பின்னாலேயே ஓட்டலும் குப்பையும் வரும். காடு அழிந்தால் சுனை ஏது, ஆறு ஏது?

"உயிர் போகிறதே!" என்பார்கள். நியாயமான கேள்வி. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பலர் இறந்தனர். ஏற்றத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊட்டி மலை ரயிலில் மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்கே பற்சக்கரம் வைத்த எஞ்சின் வேண்டியிருக்கிறது. வெள்ளியங்கிரியில் சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 4000 அடி ஏற வேண்டும். அதாவது சராசரியே ஐந்தடிக்கு ஓரடி! நமக்குப் பற்சக்கரம் கிடையாது, முழங்காலும் இருதயமும்தான்.

மேடு பள்ளம் இல்லாத கல்கத்தாவில், லிஃப்டில் ஏறி இறங்கிப் பழகிய நாம், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன கையோடு மலையேறக் கிளம்புவது சரியல்ல. ஷாலிமாரில் கோரமண்டலுக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரிடம் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாவது தினமும் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். மலையில் மூங்கில் தடி அவசியம், தனியே போகாதீர்கள். நெஞ்சு அடைத்தால் எந்த மலையானாலும் அங்கேயே உட்காருங்கள். கூட வந்தவர்களும் அவசரப்படுத்தலாகாது. அரசும் வழிநெடுக மருத்துவ உதவியும், நோயாளியைத் தூக்கி வர ஆட்களும் பருவம் முழுவதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ரோப் காருக்கு ஆகும் செலவில் சிறு பங்கே இதற்குப் போதும்.

இருதய நோய் உள்ளவர்களுக்கும், என்னைப் போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அடிவாரத்தில் கும்பிட்டாலும் அவர் ஏற்றுக்கொள்வார் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.