ரேட்டைக் கேட்டால் போதுமா?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது. வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் குதித்துக் குதித்தே நீச்சல் பழகியவர்கள். பிரச்சினையே அதுதான்.

லீவு விட்டால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் பிச்சாவரத்துக்கும் வேன் பிடித்துப் போகிறார்கள். படகுத்துறையில் இறங்கியதும் முதல் கேள்வி, "ட்ரிப்புக்கு எவ்வளவுங்க?" அடுத்தது, "இன்னும் நாலு பேர் ஏறிக்கலாமா?" அதோடு விசாரணை முடிந்தது!

இதே ஆட்களை நெல் கொள்முதல் நிலையத்தில் பார்க்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் மீட்டர் மேலேயே சந்தேகப்படுவார்கள். மூட்டைக்கு எவ்வளவு எடை கழிக்கிறார்கள் என்று சண்டை போடுவார்கள். நெல்லுக்கு இருக்கிற அக்கறை பெற்ற பிள்ளைக்கு இல்லையா?

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறியது மீன்பிடிப் படகு. லைஃப் ஜாக்கெட் கிடையாது. 2023 மே 7, கேரளாவில் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டு மாடிப் படகு, அளவுக்கு மீறிய கூட்டம், பொழுது சாய்ந்த பிறகு பயணம். அங்கேயும் 22 பேர்.

"அதெல்லாம் தனியார் படகு சார், அரசாங்கப் படகில் போனால் பயமில்லை" என்பார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ஜலகன்யகா யாருடையது? கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. 45 பேர் போய்விட்டார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கனம் மேலே ஏற ஏறப் படகு சாய்வது சுலபம். மேல்தளத்தில் கூட்டமாக நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேக்கடியில் பலர் படகுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். கூரை போட்ட படகு தலைகீழாகப் புரண்டால் புது ஆற்று நீச்சல் எந்தப் பக்கம் போகும்?

ஆகவே ரேட்டைப் பிறகு பேசலாம். இத்தனை பேர் என்று எந்தப் படகுக்கு எழுதியிருக்கிறது, அது சவாரிக்குக் கட்டியதா மீன்பிடிக்கக் கட்டியதா, இருட்டுவதற்குள் கரை திரும்புமா என்று முதலில் கேட்க வேண்டும். மழுப்பினால் வேறு படகு. பன்னிரண்டு பேர் போனால் இரண்டு படகு. வேன் டிரைவருக்குத் தயங்காமல் பேட்டா கொடுக்கிறவர்கள் இரண்டாவது படகுக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு போட்டோ எடுப்பது இன்னொரு கூத்து. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால் தண்ணீரில் அது தலை வழியாகக் கழன்று வந்துவிடும். சின்ன அளவு கேட்டு வாங்கி, பட்டையை இறுக்கிக் கட்டிய பிறகுதான் குழந்தையைப் படகில் ஏற்ற வேண்டும். "சின்ன சைஸ் இல்லைங்க" என்று சொன்னால், குழந்தையோடு யாராவது ஒருவர் கரையில் உட்கார்ந்திருக்கட்டும்.