வழி சொல்லாத பாடம்

தேனிச் சீமையில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் சிலர் என் மீது கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். வலைப்பக்கம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பெயர் பண்ணிக்கொண்டு, தலைப்பைப் பெரிதாக்குவதும், எழுத்துக்குச் சாயம் பூசுவதும், வரிகளைத் திரையில் ஓடவிடுவதுமாக மாதக்கணக்கில் கழித்துவிட்டு, இணைப்பை மட்டும் கடைசிப் பந்தியில் உட்காரவைக்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? அதையும் கையால் செய்யவைப்பதில்லை. "இணைப்புக்கு உரிய ஒட்டு எது?" என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை உருப்போட வைப்பதோடு சரி. ஏலக்காயைக் கண்ணால் பார்க்காமலே போடிநாயக்கனூரில் ஏல வியாபாரம் படித்த மாதிரிதான்.

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வருகிறதே ஹெச்.டி.எம்.எல்., அந்தப் பெயரே இணைப்பில்தான் ஆரம்பிக்கிறது. 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை 1965-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான டெட் நெல்சன். ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குத் தாவிப் படிக்கலாம் என்பது பொருள். 1989-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்குத் திட்டம் எழுதிக்கொடுத்தபோது, சிவப்பா, நீலமா என்பது அவர் கவலையாக இருக்கவில்லை. ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கிற அந்த இடத்தில் தகவல்கள் தொலைந்துபோகக் கூடாது என்பதே கவலை.

நெல்சன் கேட்டது இருவழிப் பாதை. பெர்னர்ஸ்-லீ ஒருவழியோடு நிறுத்திக்கொண்டார். எதிர்ப்பக்கம் இடம் மாறினால் இணைப்பு அறுந்துபோகும். அது அதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்ப 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை எழுத வேண்டியிருந்தது. அணை முடிய 1895 ஆயிற்று. வலையிலோ, கூடலூர்ப் பிள்ளை உலகத்தின் எந்தப் பக்கத்துக்கும் வாய்க்கால் வெட்டலாம். எந்த மகாராஜாவும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வரி போதும்.

அந்த வரியில் என்ன இருக்கிறது? கோண அடைப்புக்குள் 'ஏ' என்று ஓர் ஆங்கில எழுத்து. அடுத்து 'ஹெச்ரெஃப்', ஒரு சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் போகவேண்டிய முகவரி. அடைப்பை மூடியதும் வாசகர் கண்ணில் படவேண்டிய சொற்கள். முடிவில், சாய்கோடு போட்ட இன்னொரு 'ஏ'. பத்து நிமிஷ வேலை! பள்ளிக்கூடத்தில் இண்டர்நெட் இல்லை என்ற சாக்கும் செல்லாது. ஒரே கோப்புறையில் கிடக்கும் இரண்டு கோப்புகளை இணைக்க, மற்றதன் பெயரே முகவரியாகிவிடும். குமுளிச் சாலையில் இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. ஏழு பிள்ளைகளுக்கு ஏழு ஊர். தன் ஊரைப் பற்றி நாலு வரி எழுதி, அடுத்த ஊருக்கு ஓர் இணைப்பு. உத்தமபாளையத்துப் பிள்ளை கோப்பின் பெயரில் ஓர் எழுத்தைப் பிசகாக அடித்தால் சின்னமனூர் போய்ச் சேர முடியாது. எழுத்துப்பிழை என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரியும்.

"இங்கே சொடுக்கவும்" என்று எழுதப் பழக்குகிறவர்களை என்ன சொல்வது? பார்வையற்றவர்கள், திரையை வாசித்துச் சொல்லும் கருவியைக் கொண்டு இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. காதில் 'இங்கே, இங்கே' என்றே விழுந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? பஸ்ஸின் நெற்றியில் 'கம்பம்' என்று எழுதுகிறோமா, 'இங்கே ஏறவும்' என்று எழுதுகிறோமா?

"வெளியே வழி காட்டினால் வாசகன் போய்விடுவானே" என்று ஓர் உபாத்தியாயர் என்னிடம் வாதாடினார். போகட்டுமே ஸார்! போய்ப் பார்த்து, நாம் எழுதியது மெய்தானா என்று தெரிந்துகொள்ளட்டுமே!

என் ஆத்திரத்துக்கு மூல காரணம் இதுதான். பென்னிகுயிக் துரை தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கதை உண்டு. ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு சாமானியமானதல்ல. ஆனால் மாணவர்கள் தயாரித்த சில பக்கங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கதை இருந்தது, ஒன்றைப் பார்த்து ஒன்று, வார்த்தை பிசகாமல். யார் சொன்னது என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. மெக்கன்ஸி என்ற எஞ்சினீயர் பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை 1899-இல் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். இந்தச் சங்கதி அதில் உண்டா, இல்லையா? தேடிப் பார், இருந்தால் அதற்கு வழி காட்டு, எங்குமே அகப்படாவிட்டால் 'பாட்டி சொன்னாள்' என்று தைரியமாக எழுது. பதினாறு வயதில் இப்படிக் கேட்கவைக்கிற பாடத்தையா பரீட்சைக்கு முந்தின வாரம் ஓட்டமாக ஓட்டுவது?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வகுப்பிலேயே அந்த ஏழு ஊர்ச் சாலையைப் போட்டுவிடுங்கள். சாயம் பூசுவதைத் தீபாவளிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.