பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு எட்டாக் கனியா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் நம் பகுதிக் குடும்பங்களுக்குக் குத்தூசியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. தோலைத் துளையிட்டுத் தைக்க உதவும் அச்சிறு கருவி எத்தனையோ இல்லங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அத்தகைய கூரிய கருவியொன்றுதான் 1812-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் கண்ணைக் குத்திற்று. தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. அவருடைய பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து அது. ஒரு கண்ணின் காயம் மறு கண்ணையும் பற்ற, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் இருண்டன. அச்சிறுவனே பிற்காலத்தில் பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெயில்.

அப்பெற்றோர் விதியை நொந்துகொண்டு மகனை மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. தந்தை மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, விரலால் தடவிப் படிக்கக் கற்பித்தார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். ஊர்ப் பங்குக்குரு பலூயி அடிகளாரும் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1819-இல் பாரிசு நகரிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்த அவர், 1829-இல் ஆறு புள்ளிகளாலான தம் எழுத்து முறையை நூலாக வெளியிட்டார். பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1838-இல் அவர் தொடக்க மாணவருக்கென ஒரு சிறு கணக்கு நூலையும் எழுதினார். எழுத்து மட்டும் போதாது, கணக்கும் தம்மைப் போன்றோரின் விரல் நுனிக்கு வரவேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அந்நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. ஆயினும் நம்மிடையே பார்வையற்ற பிள்ளை ஒன்று பள்ளிக்குச் சென்றால், "இவனுக்குக் கணக்கு எதற்கு? வேறு பாடம் எடுத்துக்கொள்ளட்டும்" என்னும் பேச்சே முதலில் எழுகிறது. நம் நாட்டின் தேர்வு வாரியங்கள் பலவும் இத்தகைய மாணவருக்குக் கணக்கிற்கு மாற்றாக வேறு பாடம் எடுத்துக்கொள்ள நெடுங்காலமாக இடமளித்து வந்துள்ளன. இரக்கத்தால் எழுந்த ஏற்பாடுதான். இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கணக்கை விட்டவனுக்கு அறிவியல் இல்லை. வணிகவியலில் பாதி இல்லை. கணினித் துறை இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரக்கத்தோடு சாத்தப்படும் கதவு, வாழ்நாள் முழுவதும் திறவாமலே போய்விடுகிறது.

கணக்கிற்குக் கண் இன்றியமையாததா? இல்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. இங்கிலாந்தின் நிக்கலஸ் சாண்டர்சன் ஒரு வயதில் அம்மையால் கண்ணிழந்தவர். ஐசக் நியூட்டன் முன்பு வகித்த கேம்பிரிட்சுப் பேராசிரியப் பதவியை 1711-இல் ஏற்று, ஒளியியலைக்கூட மாணவருக்குக் கற்பித்தார். இரசிய நாட்டின் லெவ் பொந்திரியாகின் பதினான்கு வயதில் அடுப்பு வெடித்துப் பார்வை இழந்தவர். அவருடைய தாய் தையல் வேலை செய்து பிழைத்தவர். உயர்கணிதம் கற்றவர் அல்லர். ஆயினும் மகனுக்காகக் கணித நூல்களை வரிவரியாக உரக்கப் படித்தார். குறிகளின் பெயர் தெரியாதபோது அவற்றின் தோற்றத்தையே பெயராக்கிக்கொண்டார். ஒரு குறி அவருக்கு "மேல்நோக்கிய வால்". மற்றொன்று "கீழ்நோக்கிய வால்". அப்பெயர்களைக் கொண்டே மகன் கணிதம் பயின்று, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரானார். காலணித் தொழிற்சாலைகளில் தைத்துக் களைத்து வீடு திரும்பும் நம் தாய்மார்கள் இச்செய்தியை மனத்திற் கொள்வார்களாக. தடை கண்ணில் இல்லை. கணக்கு எழுதப்படும் முறையிலும், அது பிள்ளையின் காதுக்கோ விரலுக்கோ சென்று சேரும் வழியிலும்தான் இருக்கிறது.

இன்று அவ்வழி பெரும்பாலும் கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் செல்கிறது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். ஆஸ்திரேலிய நாட்டில் பார்வையற்ற இளைஞர் இருவர் முனைந்து உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் 2006-இல் தொடங்கப்பெற்றது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்னும் வசதி உண்டு. இவை தமிழையும் படிக்கவல்லன. கதை, கட்டுரை, செய்தி ஆகியவற்றை இவற்றின் துணையால் பார்வையற்றோர் தடையின்றிக் கேட்கின்றனர்.

கணக்கு வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. காரணம் என்ன? கட்டுரை ஒரே வரியில் ஓடுவது. கணக்கோ மேலும் கீழுமாக அடுக்கப்படுவது. பின்னத்தில் ஓர் எண் மேலும் ஓர் எண் கீழுமாக இருக்கும். அடுக்கெண் தோளில் ஏறி நிற்கும். வர்க்கமூலக் குறி தன் குடைக்குள் பல எண்களை அடக்கிக்கொள்ளும். இந்த இட அமைப்பிலேயே பொருள் அடங்கியிருக்கிறது. கண்ணுடையவர் ஒரு பார்வையில் அறிவதைக் குரல் எவ்வாறு உணர்த்தும்?

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். "எட்டு கூட்டல் நான்கு, கீழே இரண்டு" என்று ஒருவர் வாயால் சொல்கிறார். நான்கை மட்டும் இரண்டால் வகுத்து எட்டுடன் கூட்டினால் விடை 10. எட்டையும் நான்கையும் முதலில் கூட்டிப் பின் இரண்டால் வகுத்தால் விடை 6. கேட்பவர் எதைக் கொள்வார்? அதைப்போலவே, பத்தின் வர்க்கத்தைக் குறிக்கும் சிறிய 2, ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போது கீழிறங்கி 10-க்குப் பக்கத்தில் அமர்ந்துவிடுவதுண்டு. அப்போது திரைவாசிப்பான் அதனை "நூற்றிரண்டு" என்று படிக்கும். நூறு என்று விடை எழுதவேண்டிய மாணவன் நூற்றிரண்டில் தொடங்கித் தவிப்பான். கழித்தற் குறிக்குப் பதிலாக இடப்படும் சிறு கோட்டை வாசிக்காமலே தாண்டிச் செல்வதும் உண்டு.

இவற்றினும் கொடியது வேறொன்று. கரும்பலகையைக் கைபேசியால் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புகிறோம். வலைத்தளங்களிலும் கணக்குச் சூத்திரங்களைப் படமாகவே ஒட்டிவிடுகிறோம். கண்ணுடைய பிள்ளைக்கு அதனால் குறைவில்லை. பார்வையற்ற பிள்ளையின் திரைவாசிப்பானோ அவ்விடம் வந்ததும் "படம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். கணக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பாடங்களுக்கும் இதே கதிதான். பொருளற்ற ஒலிக்கோவையே காதில் விழும்.

இத்துயரைத் தீர்க்க முனைந்தவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் முன்னணியில் நிற்பது நமக்குப் பெருமை. தி. வெ. இராமன் 1965-இல் பிறந்து புனே நகரில் வளர்ந்தவர். கண்ணீர் அழுத்த நோயால் பதினான்கு வயதில் பார்வையை முற்றும் இழந்தார். தமையனும் பிறரும் பாடங்களைப் படித்துக் காட்ட, கணிதத்திலேயே பட்டம் பெற்று, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவரானார். கணினியில் முறையாக எழுதப்பட்ட கணக்குச் சூத்திரங்களைத் தெளிவாகக் குரலில் படிக்கும் மென்பொருளே அவருடைய ஆய்வு. அடுக்கெண் வரும்போது குரல் சற்று உயரும். கீழ்க்குறி வரும்போது தாழும். மேலும் கீழும் கண் காண்பதைக் காது உணரும்படி செய்தார். அந்த மென்பொருளுக்கு அவர் இட்ட பெயர் ஆஸ்டர். தமக்கு வழிகாட்டிய நாயின் பெயரும் அதுவே.

அவ்வாய்வு ஓர் உண்மையை நிலைநாட்டிற்று. கணக்கை எழுதும்போதே, "இது பின்னம், இது அதன் மேலெண், இது கீழெண், இது அடுக்கு" என்று உள்ளே அடையாளமிட்டு எழுதிவிட்டால், அதனை எந்தக் குரலிலும் புள்ளி எழுத்திலும் மாற்றிக்கொள்ளலாம். வலைத்தளங்களுக்கென இத்தகைய அடையாள முறையொன்று மேத்எம்எல் என்னும் பெயரில் 1998-இல் உலக அளவில் வகுக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலோர் பயன்படுத்தும் குரோம் உலாவி அதனை 2013-இல் சிறிது காலம் ஏற்றுப் பின் கைவிட்டு, 2023 சனவரியில்தான் மீண்டும் ஏற்றது. இருபத்தைந்து ஆண்டுகள்! இடைக்காலத்தில் 2009-இல் தொடங்கிய மேத்ஜாக்ஸ் என்னும் இலவசக் கருவி அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. மேத்கேட் என்னும் மற்றொரு இலவச இணைப்பு, என்.வி.டி.ஏ.-வுடன் சேர்ந்து சூத்திரங்களைப் படிக்கிறது. அம்புக்குறி விசைகளால் மாணவன் சூத்திரத்தின் உள்ளே நுழைந்து, முதலில் மேலெண், பின் கீழெண் என்று பகுதி பகுதியாகக் கேட்கலாம். அபிரகாம் நெமத் என்னும் பார்வையற்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வகுத்த கணிதப் புள்ளி எழுத்திலும் அது சூத்திரத்தைத் தருகிறது.

ஆக, கருவி இருக்கிறது. அதனையும் விலையின்றிப் பெறலாம். சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் வருவனவெல்லாம் அவர்களும் அணுகத்தக்க வடிவில் அமையவேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. தில்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி என்னும் பார்வையற்ற மாணவர், அறிவியல் பிரிவு தமக்கு ஆகாது என்ற தடையை விடாது முறையிட்டுத் தகர்த்து, 2013-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றார். ஒருவருக்கு இயன்றது மற்றவருக்கும் இயலவேண்டுமன்றோ? அதற்கு நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் செய்யத்தக்கன சில உள.

முதலாவது, பெற்றோர் கணக்கு விலக்குப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, அல்லது கணக்கு பிள்ளையிடம் வந்து சேரவில்லையா என்று ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யவேண்டும். இளம் வயதில் மணிச்சட்டமும், எண்முனைத் துளைகளில் சிறு முளைகளைச் செருகிக் கணக்கிடும் டெய்லர் பலகையும், புள்ளி எழுத்தும் கைவந்த பிள்ளைக்கே பின்னாளில் திரைவாசிப்பான் முழுப்பயன் தரும். காதால் மட்டும் நீண்ட கணக்கை நினைவில் தாங்குவது எவருக்கும் அரிது.

இரண்டாவது, ஆசிரியப் பெருமக்கள் பலகையின்முன் நின்று, "இதையும் அதையும் கூட்டினால் இது வரும்" என்று சொல்வதைத் தவிர்க்கவேண்டும். "பின்னம் தொடக்கம்; மேலே எட்டு கூட்டல் நான்கு; கீழே இரண்டு; பின்னம் முடிவு" என்று சொல்லிப் பழகினால் பார்வையற்ற பிள்ளைக்கு ஐயம் எழாது. கடைசி இருக்கையில் அமர்ந்து பலகை தெரியாமல் விழிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அது நன்மையே.

மூன்றாவது, பாடக் குறிப்புகளைப் படமாக அனுப்பாமல் யூனிகோடு எழுத்தில் அடித்து அனுப்பலாம். வேர்டு மென்பொருளில் சூத்திரங்களை எழுதுவதற்கென்றே தனி வசதி உண்டு, அதனைக் கையாளலாம். படமாகத்தான் அனுப்ப இயலும் என்றால், அதிலுள்ள கணக்கைக் கீழே சொற்களால் எழுதலாம். அல்லது குரற்பதிவாக உடன் அனுப்பலாம். இரண்டு நிமிட வேலை ஒரு பிள்ளையின் ஒரு நாள் பாடத்தைக் காக்கும்.

நான்காவது, வடிவக் கணிதத்திற்குக் குரல் போதாது, விரல் வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் கைத்திறன் பயன்படும். தொழிற்சாலையில் மிஞ்சும் தோல் துண்டுகளை முக்கோணமாகவும் வட்டமாகவும் வெட்டி அட்டையில் ஒட்டினால் அருமையான தொடுபடம் கிடைக்கும். தையற்காரர் துணியில் குறியிட உருட்டும் பற்சக்கரத்தைத் தடித்த தாளின்மேல் அழுத்தி உருட்டினால், மறுபக்கம் புள்ளிக் கோடு புடைத்தெழும். தந்தையும் தாயும் மாலையில் அரைமணி நேரம் அமர்ந்தால் ஓர் அதிகாரத்தின் படங்கள் முழுவதும் ஆயத்தமாகிவிடும்.

ஐந்தாவது, கணினி கற்ற இளைஞரும் இளம்பெண்களும் நம் பங்குகள்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் நால்வர் சேர்ந்து, ஒரு வகுப்பின் கணக்குப் பாடத்தை முறையாக அடையாளமிட்டுத் தட்டெழுதி வைத்தால், அது ஒரு பிள்ளைக்கு மட்டுமன்றித் தமிழில் பயிலும் பார்வையற்ற பிள்ளைகள் அனைவருக்கும் பயன்படும். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தருவதற்கு நம் பதிப்புரிமைச் சட்டம் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இடமளித்துள்ளது.

பிச்சையாக ஒரு நாணயம் இடுவது எளிது. ஆனால் தானே எண்ணிக் கூலி வாங்கவும், தானே கணக்கெழுதவும், தானே பொறியியல் பயிலவும் ஒருவனை ஆளாக்குவது அதனினும் மேலான அன்பு. இவ்வாண்டு நம் ஊரில், நம் தெருவில், பார்வைக் குறையுள்ள பிள்ளை ஒன்று கணக்குப் பாட வேளையில் வகுப்பின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்குமாயின், அதனைக் கண்டும் காணாதிருப்பது நமக்கு அழகன்று. அருகில் சென்று அமர்ந்து, முதற்கணக்கை உரக்கப் படித்துக் காட்டுவோம். பின்னம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையும் மறவாது சொல்வோம்.