விரல் நுனியில் காவிரி

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என் பையனோடு ஏழாவது படிக்கிறாள். மற்றப் பாடங்களில் படு கெட்டி. பூகோளம் என்றால்தான் முகம் வாடிவிடும். "மேப் கேள்வி உனக்கு வேண்டாம், விட்டுடு" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். "காவிரிக்கரையிலேயே இருக்கேன் அத்தை, அது எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியலையே" என்றாள். அன்றைக்கு எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை.

மறுநாள் ஒரு பழைய பலகையை எடுத்தேன். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடியுப்பு, தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்தேன். மேற்கு ஓரத்தில் குடகு மலையை உயர்த்தி, கிழக்கே வர வரத் தட்டையாக இழுத்துவிட்டேன். தலைக்காவிரி கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே. அங்கிருந்து பூம்புகார் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். காவிரிக்குச் சணல் கயிறு. மேட்டூருக்குப் புளியங்கொட்டை, கல்லணைக்குக் கொண்டைக்கடலை. முக்கொம்பில் வடக்கே பிரியும் கொள்ளிடத்துக்குத் தடித்த கயிறு. கல்லணைக்குக் கிழக்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மூன்று நூல். வடக்குத் திசைக்கு மூலையில் ஒரு சட்டைப் பொத்தான்.

ஒன்று கவனியுங்கள். நூலுக்கு நூல் ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கி ஒட்டித்தான் என் முதல் பலகை பாழாயிற்று.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் கையில் கொடுத்தேன். மலையிலிருந்து இறங்கிய விரல் கல்லணை தாண்டியதும் நின்றது. "இங்கே தரை சமமாயிடுச்சே, தண்ணி மெதுவாத்தானே போகும்?" அதேதான்! வேகம் குறைந்ததும் சுமந்து வந்த வண்டலை ஆறு இறக்கிவிடுகிறது. அப்படி உண்டானதுதான் நம் நெல் விளையும் பூமி. திருவையாற்று வயல் மண்ணையும் வல்லத்துச் செம்மண்ணையும் நனைத்துக் கொடுத்தேன். ஒன்று விரலோடு ஒட்டியது, மற்றது நறநறத்தது. மண் பாடம் முடிந்தது.

கண்ணுள்ள என் பிள்ளை இருக்கிறானே, வருஷக்கணக்காக மேப்பில் நீலக்கோடு போட்டவன், ஆறு எந்தப் பக்கமாகச் சரிகிறது என்று அன்றுதான் புரிந்துகொண்டான்! காது கேளாத குழந்தைக்கும் இதே பலகை போதும். நம் உதடு தெரியும்படி எதிரே உட்கார்ந்து சொன்னால் சரி.

"விட்டுடு" என்பதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எல்லாக் குழந்தைகளோடும் சேர்ந்து படிக்க வழி செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. மத்திய அரசின் நிலவரைபட நிறுவனம் 2017-இல் பிரெயில் அட்லஸே வெளியிட்டிருக்கிறது. பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பலகை இப்போது வகுப்பு அலமாரியில் இருக்கிறது. ஐப்பசி மழையில் உப்பு மாவு ஈரம் இழுக்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.