உடம்பில் இயந்திரம் ஏறலாமா?

“மனிதன் தன் உடம்போடு இயந்திரத்தைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பானா? சம்மதித்தாலும் அது தகுமா?” என்று இப்போது பெரிய பெரிய மேதாவிகளெல்லாம் தர்க்கம் செய்து வருகிறார்கள். 2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் நியூராலிங்க் என்னும் கம்பெனியார், கைகால் அசைவற்றுப்போன ஒருவருடைய மூளையில் ஒரு சிறு கருவியைப் பதித்தார்கள். அவர் நினைத்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர் திரையிலுள்ள குறி நகர ஆரம்பித்தது. அது முதல் இந்தத் தர்க்கம் பலமாகியிருக்கிறது. நம் வைதீகர்களோ, “ஆண்டவன் கொடுத்த சரீரத்தில் மனிதன் கை வைப்பதா? இது இயற்கைக்கு விரோதமல்லவா?” என்று கூச்சலிடுகிறார்கள்.

நாம் கேட்கிறோம், ஆண்டவன் கொடுத்த சரீரத்தில் கை வைக்காத வைதீகர் யார்? பேசத் தெரியாத குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்துக் காதில் ஓட்டை போடுகிறவர்கள் யார்? ஆண்டவன் முளைக்க வைத்த மயிரை அதே ஆண்டவனுக்கென்று மொட்டையடிக்கிறவர்கள் யார்? சங்கு சக்கரத்தை நெருப்பில் காய்ச்சித் தோளில் சூடு போட்டுக்கொள்ளுகிறவர்கள் யார்? கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிறவர்கள் யார்? இவையெல்லாம் இயற்கைக்கு அனுகூலமாம். செவிடாய்ப் பிறந்த குழந்தையின் காதுக்குள் கேட்கும் கருவியை வைத்தால் மாத்திரம் விரோதமாம்! முன்னதில் குழந்தைக்குக் கிடைப்பது அழுகை. பின்னதில் கிடைப்பது தாயின் குரல். இரண்டில் எது பாவம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இவர்களே மற்றொரு பக்கத்தில், “இதெல்லாம் எங்கள் புராணத்தில் அன்றைக்கே இருந்தது” என்று மார்தட்டவும் செய்கிறார்கள். 2014-ம் வருஷத்தில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் பேசிய இந்தியப் பிரதமரே, மனித உடம்பில் யானைத் தலையைப் பொருத்த அக்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்திருக்க வேண்டும் என்று பிள்ளையாரை உதாரணம் காட்டினார். யானைத் தலையை ஒட்டியது பெருமையானால், மனிதன் அறிவினால் செய்த சிறு கருவியை ஒட்டுவது எப்படிச் சிறுமையாகும்? ஒன்று அதைக் கைவிட வேண்டும். அல்லது இதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாக்கு வைத்துக்கொண்டு பேசுவது யோக்கியமாகாது.

நிற்க, “மனிதன் சம்மதிப்பானா?” என்னும் கேள்வியே காலம் கடந்த கேள்வி என்பது நமது அபிப்பிராயம். மனிதன் சம்மதித்து எத்தனையோ வருஷங்களாகி விட்டன. 1949-ம் வருஷம் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்னும் கண் டாக்டர், புரை எடுத்த கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தார். யுத்தத்தில் ஆகாயவிமானிகளின் கண்ணுக்குள் தெறித்த ஒருவகைப் பிளாஸ்டிக் சில்லு கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்தே அவருக்கு அந்த யோசனை தோன்றிற்று. அவர் தொழிலைச் சேர்ந்த பெரிய டாக்டர்களே பல வருஷகாலம் அவரை எதிர்த்தார்கள். வைதீகம் கோயிலில் மாத்திரம் இல்லை, படித்தவர் கூட்டத்திலும் உண்டு என்பதற்கு இது ஒரு அத்தாட்சி. இன்று நம் கிராமத்துக் கிழவிகள் கண்ணில் அந்த லென்ஸோடுதான் அரிசியில் கல் பொறுக்குகிறார்கள்.

1958-ல் ஸ்வீடனில் லார்சன் என்பவரின் உடம்புக்குள் முதன்முதலாக பேஸ்மேக்கர் என்னும் இருதயத் துடிப்புக் கருவியை வைத்தார்கள். முதற்கருவி சில மணி நேரமே வேலை செய்தது. அதற்காக, “தெய்வ சித்தம் இவ்வளவுதான்” என்று யாரும் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. மாற்றி மாற்றி 26 கருவிகள் வைத்துக்கொண்டு அவர் 2001 வரை உயிரோடிருந்தார். கருவியைச் செய்தவரும் அதை உள்ளே வைத்த டாக்டரும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். அவர் 43 வயதிலேயே சாக வேண்டுமென்று தலையில் எழுதியிருந்ததென்றால், அந்த எழுத்தை அழித்தது ஒரு சிறு பாட்டரிதானே?

எனவே, ஜனங்கள் சம்மதிப்பார்களா என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வலி தீருமானால், பார்வை வருமானால், நடக்க முடியுமானால் எவனும் சாஸ்திரத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டான். சாஸ்திரம் சொல்லுகிற மடாதிபதிகளே மூக்குக் கண்ணாடியில்லாமல் அந்தச் சாஸ்திரத்தை வாசிக்க முடிவதில்லை. அம்மை குத்துவதை மாரியம்மன் கோபத்துக்குப் பயந்து எதிர்த்த ஜனங்கள்தான் பிறகு குத்திக்கொண்டார்கள். 1980-ல் பெரியம்மை உலகத்திலேயே இல்லையென்று ஆகிவிட்டது.

ஆனால் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. உடம்புக்குள் போகும் கருவிக்கு எஜமான் யார்? உடம்புக்கு உடையவனா, கருவியை விற்றவனா?

அமெரிக்காவில் செகண்ட் சைட் என்னும் கம்பெனி, குருடர்களின் கண்ணில் பதித்து ஓரளவு வெளிச்சமும் உருவமும் தெரியும்படி ஒரு கருவி செய்து விற்றது. 350 பேருக்கு மேல் அதை வைத்துக்கொண்டார்கள். 2019-ல் கம்பெனி அந்த வியாபாரத்தை நிறுத்தி, அடுத்த வருஷம் திவாலாகும் நிலைக்கு வந்தது. கருவி கெட்டால் பழுது பார்க்க ஆளில்லை, சாமானில்லை. கண் மனிதனுடையது, அதன் சாவி கம்பெனியுடையது என்றால் இதற்குப் பெயர் அடிமைத்தனமல்லாமல் வேறென்ன?

2017-ல் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஒரு கம்பெனி, கதவு திறக்கவும் பண்டம் வாங்கவும் உதவுமென்று தன் சிப்பந்திகளில் ஏறக்குறைய 50 பேருக்குக் கையில் சிப் பதித்தது. இஷ்டமுள்ளவர்களுக்கு மாத்திரம் என்று சொன்னார்கள். ஆனால் சம்பளம் கொடுக்கிற முதலாளி முன் கூலிக்காரனுடைய இஷ்டம் எவ்வளவு இஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா? யாரையும் கட்டாயப்படுத்திச் சிப் பதிக்கக்கூடாதென்று அதே மாகாணத்தில் 2006-லேயே சட்டம் செய்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தென் அமெரிக்காவில் சிலி தேசத்தார் 2021-ல் மூளையின் செய்கைக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்று தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். நம் நாட்டில் இதைப்பற்றிய பேச்சு போதிய அளவு உண்டா?

“பணக்காரன் மூளையில் கருவி வைத்துக்கொண்டு மேல்மனிதனாகி விடுவானே, புதிய ஜாதி உண்டாகிவிடுமே” என்று சில நல்ல நண்பர்கள் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். பிறவியினால் மேல்ஜாதி என்பது போய், விலை கொடுத்து வாங்கிய மேல்ஜாதி வருமானால் நமக்கு என்ன லாபம்? ஆனால் அதற்குப் பரிகாரம் கருவியை வெறுப்பதல்ல. ஒரு கூட்டத்தார் படிப்பைத் தங்களுக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்பதற்காக நாம் படிப்பையா வெறுத்தோம்? எல்லோருக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமென்றுதானே கேட்டோம்! மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 1992-ல் தாங்களே லென்ஸ் செய்ய ஆரம்பித்தவுடன், வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு அது ஏழைக்கும் கிடைத்தது. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தார் செய்த இருதய வால்வும் 1990 முதல் குறைந்த விலையில் உதவி வருகிறது. ஏகபோகம் உடைந்தால் புதிய ஜாதிக்கு இடமில்லை.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, கடவுளின் பேரால் தடுப்பதும் கூடாது. முதலாளி, சர்க்கார், புருஷன், பெற்றோர் ஆகிய யாருடைய பேராலும் வயது வந்தவர் உடம்பில் கட்டாயமாகத் திணிப்பதும் கூடாது. இரண்டாவது, உடம்புக்குள் போன கருவி அந்த உடம்புக்குடையவருக்கே சொந்தம். கம்பெனி செத்தாலும் எந்த டாக்டரும் பழுது பார்க்கும்படி அதன் விவரம் பொதுச்சொத்தாக வேண்டும். மூன்றாவது, பணக்காரன் புத்தியைக் கூட்டிக்கொள்ளுவதற்கு முன், குருடனுக்குக் கண்ணும் செவிடனுக்குக் காதும் முடவனுக்குக் காலும் சர்க்கார் செலவில் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! உடம்பு கோவில் என்பவனையும் நம்பாதீர்கள். உடம்பு சந்தை என்பவனையும் நம்பாதீர்கள். முன்னவன் உங்கள் உடம்பை ஆண்டவனுக்கு எழுதி வைக்கிறான். பின்னவன் கம்பெனிக்கு எழுதி வாங்குகிறான். உங்கள் உடம்பு உங்களுடையது. அதில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்பதை உங்கள் அறிவைக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.