கட்சி சேராத சாட்சி

1967 ஜனவரி 12-ல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். எம்.ஆர்.ராதாவுக்கும் குண்டுக்காயம். உடனிருந்தவர் தயாரிப்பாளர் வாசு ஒருவர்தான். ராதா சுட்டார் என்றது போலீஸ், எம்.ஜி.ஆர்.தான் சுட்டார் என்றார் ராதா. தண்டனை பெற்றவர் ராதா. ஆனாலும் டீக்கடைகளில் அந்த வழக்கு முடியவில்லை.

மனுஷனுக்குக் கட்சி உண்டு, குண்டுக்குக் கிடையாது. துப்பாக்கிக் குழாயின் உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் வரிகள் குண்டின்மேல் கீறலாகப் பதியும். சந்தேகப்பட்ட துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, அந்தக் குண்டையும் உடலில் எடுத்த குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். தோலில் கருகல் இருந்தால், மிகக் கிட்டத்தில் சுட்டது.

நம் மலையடிவாரத்து நாட்டுத் துப்பாக்கி வேறு ரகம். குழாய் வழவழப்பு, ரவையில் வரிக்கீறல் விழாது. ரவை பரவிய அகலம், கெட்டித்த துணி விழுந்த இடம், இவைதான் அங்கே பேசும்.

அதனால் சொல்கிறேன்: சம்பவ இடத்தில் கூட்டமாய்ப் புகுந்து, கிடந்ததை எடுத்துப் பார்ப்பதை நம் ஊர்க்காரர்கள் விட வேண்டும். அது சாட்சியின் வாயைப் பொத்துவது. பிறகு மிஞ்சுவது கட்சிப் பேச்சுதான். அதில் செய்தவன் தப்புவான், செய்யாதவன் மாட்டுவான்.