ஜமாஅத் அலுவலகமும் ரவுட்டரும்
தக்கலையாயினும் குளச்சலாயினும், ஜமாஅத் அலுவலகத்திற்கு ரவுட்டர் வாங்கச் செல்லும் நாம் பெட்டியில் அச்சிட்ட 1200 எம்பிபிஎஸ் என்ற எண்ணில் மயங்கிவிடுகிறோம். அது இரு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டிச் சொல்வது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் கட்டணம் செலுத்தினால் இணையம் அதற்குமேல் விரையாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. பழைய பள்ளிவாசலின் கனத்த கற்சுவரைக் கடக்கவோ 2.4 தான் உதவும். இரண்டும் உள்ளதை வாங்குவோம்.

நம் கவலை வேகத்தைப் பற்றியதன்று. ஜகாத் கேட்டு வந்தோரின் பெயர்களும், நிக்காஹ், தலாக் பதிவுகளும் அக்கணினியில் உள்ள அமானிதங்கள். தொழ வருவோர்க்கெல்லாம் அதே கடவுச்சொல்லைக் கொடுப்பது முறையா? (இளைஞர்கள் பொறுத்தருள்க!) விருந்தினர்க்குத் தனி இணைப்பும் டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தரும் ரவுட்டரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவோம், அதன் அடியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லை அன்றே மாற்றுவோம், இன்ஷா அல்லாஹ்.